மண்ணுக்கடியில் பத்து சென்டிமீட்டர்

ஜனவரி 19, 2020, ஞாயிறு

விடியற்காலை நாலு மணிக்கு, இவரை வெட்டுக்கிளிக்கு மருந்தடிக்கும் வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வந்தது. கென்யாவின் வடக்கே இசியோலோ போய், அங்கிருந்து சம்புரு. "பத்து நாள்தான்மா" என்றார். கையுறை நாலு ஜோடி எண்ணி வைத்தேன்.

ஜனவரி 20

கர்ப்பத்தின் இருபத்தாறாவது வாரம். படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அம்மா வர இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

ஜனவரி 22, புதன்

தூக்கம் வரவில்லை. இவர் மேசையில் விட்டுப்போன நகல்களை எடுத்துப் படித்தேன். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து வெட்டுக்கிளி வேலை பற்றியவை. 1928இல் இந்தக் கென்யாவுக்குள் பாலைவன வெட்டுக்கிளி நுழைந்தது. அதே வருடம் மேற்கே, நைஜர் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வேறொரு இனம் பெருகிக் கிளம்பி, சில வருடங்களில் சஹாராவுக்குத் தெற்கே பெரும்பகுதியை மேய்ந்தது. 1930இலிருந்து செவ்வெட்டுக்கிளியும் சேர்ந்துகொண்டது. ஒன்று போனால் ஒன்று என்று இல்லை, மூன்றும் ஒன்றாக.

இறக்கை முளைக்காத குஞ்சுகள் தரையோடு படையாய் வரும். எதிரே நீளப் பள்ளம் வெட்டி, குச்சியாலும் இலைக்கொத்தாலும் விரட்டி உள்ளே தள்ளி, மண்ணைப் போட்டு மூடுவார்கள். பிறகு விஷத்தவிடு வந்தது. தவிட்டில் சோடியம் ஆர்சனைட்டைக் கரைத்துப் பிசைந்து, குஞ்சுகள் வரும் வழியில் தூவுவது.

பிசைந்தது யார்? நான் படித்த பக்கங்களில் எத்தனை மூட்டை, எத்தனை மைல் என்றெல்லாம் இருக்கிறது. பிசைந்த கை யாருடையது என்று இல்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில் அம்மா முழங்கை வரை கையை விட்டு மாட்டுக்குத் தவிடு பிசைவாள். அந்தக் கைதான் கண்ணுக்குள் வருகிறது. அதில் பாஷாணம். விளக்கை அணைத்தாலும் போகவில்லை.

ஜனவரி 23

போன் வரவில்லை.

ஜனவரி 24

வந்தது. வடகிழக்கில் ஒரு கூட்டம் 60 கிலோமீட்டர் நீளம், 40 கிலோமீட்டர் அகலமாம். "கையுறை போட்டுக்கறீங்களா?" என்றேன். "போட்டுக்கறேன்" என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஜனவரி 29

பத்து நாள் முடிந்தது. வரவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று முழுக்க உவாரோவ். போரிஸ் உவாரோவ், 1920இல் டிஃப்லிஸிலிருந்து (இப்போது ஜார்ஜியாவின் திபிலீசி) லண்டன் போய்ச் சேர்ந்த ரஷ்யப் பூச்சியியலாளர். தனியாகத் திரியும் வெட்டுக்கிளி ஒரு இனம், படையாகப் பறப்பது வேறொரு இனம் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். இரண்டும் ஒரே பூச்சிதான், நெருக்கம் கூடினால் நிறமும் உருவமும் குணமும் மாறிவிடுகிறது என்று 1921இல் இவர் எழுதினார். வானத்திலிருந்து வந்து இறங்குவது போலத் தெரிந்த ஒன்று, படை இல்லாத வருடங்களிலும் எங்கோ புல்லுக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அந்த இடம் எது?

அதைத்தான் தேடினார்கள். 1929இலிருந்து ஆப்பிரிக்காவின் மூலைமுடுக்கெல்லாம் இருந்த அதிகாரிகள் அனுப்பிய தகவல்களை லண்டனில் மாதம் மாதமாக வரைபடத்தில் குறித்தார்கள். ரோம் 1931, பாரிஸ் 1932, லண்டன் 1934, கெய்ரோ 1936, பிரஸ்ஸல்ஸ் 1938 என்று மாநாடுகள். நிலத்துக்காக முறைத்துக்கொண்டிருந்த அரசுகள் இந்தப் பூச்சிக்காக ஒரே மேசைக்கு வந்தன. செவ்வெட்டுக்கிளியின் பிறப்பிடங்களில் இரண்டு தெரிந்தன: டாங்கனீகாவின் (இப்போது டான்சானியா) ருக்வா பள்ளத்தாக்கு, வடக்கு ரொடீசியாவின் (இப்போது ஜாம்பியா) ம்வேரு வா ன்டிபா சதுப்பு. 1949இல் அதே வடக்கு ரொடீசியாவின் அபர்கார்னில் அதற்கென்றே ஒரு சர்வதேச அமைப்பு நிறுவினார்கள்.

பறப்பதைத் துரத்தாமல் பிறக்கும் இடத்தில் போய்க் காத்திருப்பது. இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காத்திருப்பதையே வேலையாகக் கொடுத்து ஆள் வைத்தார்கள். எதுவுமே நடக்காத மாதம்தான் நல்ல மாதம்.

எனக்கும் அப்படித்தான். எதுவும் நடக்கக் கூடாது, ஏப்ரல் கடைசி வரை.

பிப்ரவரி 3

பின்னங்கால் தொடையில் அடிக்கடி உரசல் பட்டாலே போதுமாம், சில மணி நேரத்தில் தனி வெட்டுக்கிளி கூட்டத்தை நாடத் தொடங்கிவிடும். இது வெகு காலம் கழித்துக் கண்டுபிடித்தது. இன்று வயிற்றுக்குள் இடது பக்கம் ஓயாத உதை.

பிப்ரவரி 8, சனி

வந்துவிட்டார்! கறுத்து, மெலிந்து. சட்டையில் மருந்து வாடை. தனியாக ஊறவைக்கச் சொன்னேன். கையை வாங்கிப் பார்த்தேன். வெடிப்பு, அவ்வளவுதான். பையில் ஒரே ஒரு ஜோடி கையுறை இருந்தது. மீதி மூன்றைத் தெளிப்பான் சுமக்கும் பையன்களுக்குக் கொடுத்துவிட்டாராம். கோபப்பட முடியவில்லை.

பிப்ரவரி 10

மறுபடியும் போய்விட்டார். பன்னிரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வாசல் காவல்காரர் மஸே, மாடிப்படி ஏறிப் பால் பாக்கெட் கொண்டுவந்து தந்தார். கிடுயி ஊர்க்காரர். இவர் எங்கே என்று கேட்டார், சொன்னேன். "ன்ஸிகே" (ஸ்வாஹிலியில் வெட்டுக்கிளி) என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். 1954இல் அவருக்கு ஒன்பது வயது. மத்தியானம் இருட்டியது, தகரத்தைத் தட்டியபடி ஓடினோம், மரக்கிளை முறிந்தது என்றார். வறுத்துத் தின்னக் கூடை கூடையாக அள்ளினார்கள், அப்புறம் ஆட்கள் வந்து மருந்து அடித்திருக்கிறது தின்னாதே என்றார்கள், அம்மா கூடையோடு கொட்டிவிட்டாள். அந்தக் கூடையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது.

அந்த வருடம் கென்யாவுக்குள் 50 கூட்டங்கள். ஒன்று மட்டும் 200 சதுர கிலோமீட்டர். அதே 1954 ஏப்ரலில்தான் இந்த நைரோபியில் கிக்குயு இன ஆட்களை ஆயிரக்கணக்கில் வளைத்துப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். ஒரே பிரிட்டிஷ் அரசு. பயிரைக் காப்பாற்றியதும் அதுதான், இதைச் செய்ததும் அதுதான். அந்தக் கைகளை நான் நம்பியிருப்பேனா? 1945இல் பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் மேய்ச்சல்காரர்கள் விஷத்தவிட்டை எதிர்த்துக் கிளம்பினார்கள், கால்நடை செத்துப்போகும் என்று. அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. ஆர்சனிக் மாட்டையும் கொல்லும். அவர்கள் பயந்ததில் பிசகே இல்லை.

பிப்ரவரி 19

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்திலிருந்து டிஎன்ஓசி தெளித்தார்கள். மஞ்சள் மருந்து. பட்ட தோல் மஞ்சளாகும். உடம்புக்குள் போனால் காய்ச்சல் போலச் சூடேறும், அதிகமானால் ஆளே போய்விடுவான். அடுத்து டீல்ட்ரின். புதரில் பட்டை பட்டையாய் அடித்துவிட்டால் வீரியம் சீக்கிரம் போகாது, அதனால்தான் விரும்பினார்கள். அது போகாமல் மண்ணிலும் உடம்பிலும் தங்கியதால்தான் பின்னால் கைவிட்டார்கள். இவர் கையில் இருப்பது ஃபெனிட்ரோதியான். போனில் கேட்டேன். "அதெல்லாம் பழங்கதைம்மா, இப்ப அளந்துதான் அடிக்கறோம்" என்றார்.

சரி.

பிப்ரவரி 20

சரியில்லை. ராத்திரி கனவில் அம்மாவின் கை மஞ்சளாக இருந்தது.

பிப்ரவரி 29, சனி

முட்டையிட்டுவிட்டதாம், சம்புருவில், மார்சபிட்டில். பெண் வெட்டுக்கிளி வாலை மண்ணுக்குள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறக்கி, ஒரே கொத்தாகப் பல பத்து முட்டை இடும். மண்ணில் ஈரம் இருந்தால் பொரிக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சும்மா தரை.

ரெய்னி என்பவர் 1951இல் எழுதினார்: கூட்டம் காற்றோடு போகிறது, காற்றுகள் வந்து சேரும் இடத்தில் மழை பெய்கிறது, அதனால் கூட்டமும் மழை பெய்யும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. அது வழி தேடுவதில்லை, காற்று கொண்டுபோய் விடுகிறது. இதைப் படித்ததும் ஏனோ அழுதேன்.

மார்ச் 6

முப்பத்திரண்டு வாரம் தாண்டியாச்சு.

மார்ச் 13, வெள்ளி

இங்கேயும் கொரோனா, முதல் ஆள். அம்மா டிக்கெட் 28ஆம் தேதிக்கு.

மார்ச் 17

இவருக்கு அனுப்ப மாஸ்க் கேட்டால் பார்க்லேண்ட்ஸில் ஒரு கடையிலும் இல்லை. கையுறையும் இல்லை. குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் ஆறு வாரம் அங்கேதான் என்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

விமானம் எல்லாம் நிற்கப்போகிறது. அம்மா போனில் பேசவே இல்லை, அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 25

மழை. மத்தியானத்திலிருந்து விடாமல். மண் வாசனை மூன்றாவது மாடி வரை ஏறி வருகிறது. மார்சபிட்டில் பெய்கிறதா என்று கேட்க இவருக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. சாயங்காலத்திலிருந்து இடுப்பு வலி, விட்டு விட்டு வருகிறது. முப்பத்தைந்து வாரம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா பையை எடுத்து வைக்கிறார். மஸே வண்டி பார்க்கப் போயிருக்கிறார்.