கட்டை விரல் இரண்டுதான்: கண்ட்ரோலர் பிடி நாட்குறிப்பு

6 ஜனவரி 2025, திங்கள்

வீடியோ கேம் கண்ட்ரோலர் பிடி என்றதும் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அமுக்குவது அவை. சுமப்பது மற்ற மூன்றும். நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் கொம்பின் (இரு பக்கமும் கீழே நீளும் கைப்பிடி) அடியைச் சுற்றி, உள்ளங்கை மேட்டோடு சேர்த்துப் பிடித்தால்தான் மேலே இருப்பவற்றுக்கு விடுதலை.

சோதித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். இரண்டு கட்டை விரலையும் இரண்டு ஆட்காட்டி விரலையும் காற்றில் தூக்கிக்கொண்டு கண்ட்ரோலரை லேசாகக் குலுக்குங்கள். நழுவுகிறதா? அப்படியானால் இத்தனை நாளும் டிரிகரை, அதாவது ஆட்காட்டி விரல் இழுக்கும் பொத்தானைப் பிடித்துத்தான் அதைத் தூக்கியிருக்கிறீர்கள். பிளேஸ்டேஷன் 5-இன் கண்ட்ரோலரான டூயல்சென்ஸின் எடை சுமார் 280 கிராம். அதை டிரிகர் விரல் தாங்கினால், சுடும் ஒவ்வொரு தடவையும் கண்ட்ரோலரே அசையும். அதோடு, கட்டை விரல் தள்ளும் குச்சியான ஸ்டிக்கும் அசையும். குறி (எய்ம்) சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான்.

மேல் விளிம்பில் உள்ள தோள் பொத்தான்களில் இரண்டு வழக்கம் உண்டு. வலப்பக்கம் மேலே இருப்பது ஆர்1, அதன் கீழே உள்ள டிரிகர் ஆர்2. ஒன்று, ஆட்காட்டி விரல் ஆர்2-இல் இருந்தபடி தேவைப்படும்போது ஆர்1-க்கு ஏறுவது. மற்றது, ஆர்1-க்கு ஆட்காட்டி, ஆர்2-க்கு நடு விரல் என்று நிரந்தரமாகப் பங்கு பிரிப்பது. பின்னதில் சுமக்கும் விரல் மூன்றிலிருந்து இரண்டாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் மூன்றாவதாகவும் ஒரு வழி இருக்கிறது: விரல் நுனி டிரிகரிலேயே இருக்க, நடுக்கணுவின் பக்கவாட்டால் பம்பரை (ஆர்1-இன் இடத்தில் உள்ள பொத்தான்) தட்டலாம். கார் பந்தயத்தில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் கியர் மாற்ற இதைவிட வசதி கிடையாது.

7 ஜனவரி

ஒரே விரலால் இரண்டு பொத்தான். 1985-இல் வந்த சூப்பர் மரியோவை ஆடிய எல்லாருக்கும் இது தானாகவே பழகியிருக்கும். பி பொத்தானை அமுக்கியபடி ஓட வேண்டும், ஓடிக்கொண்டே ஏ-யை அமுக்கிக் குதிக்க வேண்டும். அந்த நாள் நின்டெண்டோ கண்ட்ரோலரில் பி இடப்பக்கம், ஏ வலப்பக்கம். வலது கட்டை விரலைப் பாய் விரித்த மாதிரி குறுக்கே படுக்கப் போட்டால் நுனி பி-யில் கிடக்கும். கணுவை ஒட்டிய சதை ஏ-யின் மேல் நிற்கும். நுனியை எடுக்காமல் கணுவை மட்டும் சாய்த்தால் குதி.

நுனியால் மட்டுமே அமுக்கிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பி-யை விட்டு ஏ-க்குத் தாவும் அந்த நேரத்தில் ஓட்டம் தளரும், அகலமான பள்ளத்தில் மரியோ விழுவார்.

9 ஜனவரி

இன்று கிளா என்ற பிடி. பருந்தின் வளைந்த நகம் போல் விரல் மடங்குவதால் அந்தப் பெயர்.

முதலில் அது எதற்கு என்று பார்ப்போம். இரட்டை ஸ்டிக் கண்ட்ரோலரில் வலது கட்டை விரலுக்கு இரண்டு வேலை: ஸ்டிக்கால் குறி பார்ப்பது, நான்கு முகப்புப் பொத்தான்களை (பிளேஸ்டேஷனில் மேலே முக்கோணம், கீழே எக்ஸ், வலப்பக்கம் வட்டம், இடப்பக்கம் சதுரம்) அமுக்குவது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. குதிக்க எக்ஸை அமுக்கப் போனால் குறி அநாதையாக நிற்கும். எதிரிக்கு அந்த இடைவெளி போதும். கிளாவில் ஆட்காட்டி விரல் தோளிலிருந்து இறங்கி முகப்புப் பொத்தான்களுக்கு மேல் வளைந்து நிற்கும். ஆர்2-ஐ நடு விரல் எடுத்துக்கொள்ளும். கட்டை விரல் ஸ்டிக்கை விடவே விடாது.

சொல்ல எளிது. செய்யும்போது வரும் தொல்லைகள் இவை.

மேலிருந்து இறங்கும் விரலுக்கு முக்கோணம் மிகப் பக்கம், எக்ஸ் மிகத் தூரம். பெரும்பாலான சுடும் ஆட்டங்களில் குதிப்பது எக்ஸில்தான் இருக்கிறது! விரலை நீட்டி எக்ஸைத் தொடும்போது அதன் நடுப்பகுதி முக்கோணத்தின் மேல் படுத்துவிடும். குதிக்க நினைத்தால் குதிப்பதோடு துப்பாக்கியும் மாறும். விரலைக் கொக்கி போல உயர்த்தி வளைத்து, நகத்துக்குக் கீழே உள்ள நுனியால் மட்டும் தொட வேண்டும். வட்டத்துக்கு நுனி வேண்டாம், முதல் கணுவின் பக்கவாட்டே போதும். நகத்தை ஒட்ட வெட்டாமல் இதெல்லாம் நடக்காது.

அடுத்த தொல்லை, எய்ம் கெடுவது. சாதாரணப் பிடியில் கட்டை விரல் ஸ்டிக்கைத் தள்ளும்போது எதிர்ப்பக்கம் ஆட்காட்டி விரல் முட்டுக்கொடுக்கிறது. கிளாவில் அந்த முட்டு போய்விடும். கை அதை ஈடுகட்டக் கட்டை விரலை அழுத்தும்; ஆர்3, அதாவது ஸ்டிக்கையே உள்ளே அமுக்கும் பொத்தான், தவறுதலாக அமுங்கும்; சுட வேண்டிய நேரத்தில் ஆள் கத்தியை வீசுவார். ஸ்டிக் சென்சிட்டிவிட்டியை (தொட்டால் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பது) கொஞ்ச நாளுக்கு ஒரு படி இறக்கி வையுங்கள். எதிரிகளோடு மோதும் முன் பயிற்சிக் களத்தில் கால் மணி நேரம் குதித்தபடியே ஒரே புள்ளியைக் குறி பார்த்துப் பழகினால், ஸ்டிக்கை எவ்வளவு லேசாகத் தொட்டால் போதும் என்பதைக் கட்டை விரலே கண்டுபிடித்துவிடும்.

நடு விரல் டிரிகருக்குப் புதிது. முழு ஆழத்துக்கும் இழுக்க அதிக நேரம் எடுக்கும். டூயல்சென்ஸில் டிரிகர் எதிர்த்துத் தள்ளும் விசை விளைவை அமைப்புகளில் அணைத்துவிடலாம். டிரிகர் ஆழத்தைக் குறைக்கும் சிறு சுவிட்ச் உள்ள கண்ட்ரோலராக இருந்தால் இன்னும் நல்லது.

இடது கைக்கும் கிளா உண்டு: கட்டை விரல் ஸ்டிக்கில், ஆட்காட்டி விரல் டி-பேடில் (நான்கு திசைப் பொத்தான்). பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில் டி-பேட் மேலே இருப்பதால் விரல் நேராக இறங்கும். எக்ஸ்பாக்ஸில் ஸ்டிக் மேலே, டி-பேட் கீழே. அதில் இடது கிளா முயல்வது விரலுக்குச் செய்யும் துரோகம்.

10 ஜனவரி

நேற்று எழுதியதற்கு ஒரு திருத்தம் மாதிரி: கிளாவுக்குப் போகும் முன் அமைப்புகளைத் திறந்து பொத்தான் ஒதுக்கீட்டை மாற்றிப் பாருங்கள். 2007-இல் வந்த ஹேலோ 3 என்ற சுடும் ஆட்டத்திலேயே 'பம்பர் ஜம்பர்' என்ற ஒதுக்கீடு இருந்தது. குதிப்பது இடது பம்பருக்குப் போய்விடும். கால் ஆஃப் டியூட்டி என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தில் 'டாக்டிகல்' ஒதுக்கீடு, குனிவதை வட்டத்திலிருந்து வலது ஸ்டிக் அழுத்தத்துக்கு மாற்றும். பாதிப் பேருக்கு இதுவே போதும். விரலை மடக்கும் அவசியமே வராது.

13 ஜனவரி

பின்பக்கத் துடுப்புகள், அதாவது கண்ட்ரோலரின் முதுகில் உள்ள கூடுதல் பொத்தான்கள். எக்ஸ்பாக்ஸ் எலைட் கண்ட்ரோலரில் (2015) நான்கு, டூயல்சென்ஸ் எட்ஜில் (2023) இரண்டு, ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் நான்கு. சும்மா சுமந்துகொண்டிருந்த நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இப்போது வேலை கிடைக்கிறது.

பிரச்சினையும் அங்கேதான். சுமக்கும் விரலே அமுக்கவும் வேண்டும் என்றால், பதற்றத்தில் இறுகும் கை தானாக அமுக்கும். எனவே துடுப்பில் வெடிகுண்டு வீசுவதை வைக்கக் கூடாது; தவறி அமுங்கினாலும் உயிர் போகாத குதிப்பதையும் குனிவதையும் வையுங்கள். எலைட்டில் துடுப்புகளைக் கையாலேயே கழற்றலாம். நான்கில் இரண்டைக் கழற்றி, நடு விரலுக்கு ஒவ்வொன்று மட்டும் விட்டுவைத்தால் மோதிர விரலும் சுண்டு விரலும் நிம்மதியாகச் சுமக்கும்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

விடுமுறைக்கு வீட்டில் கூடும் பிள்ளைகளின் கையில் கண்ட்ரோலர் எங்கே? எல்லாம் போன்தான். பப்ஜி, பிஜிஎம்ஐ போன்ற சுடும் ஆட்டங்களை ஆடுகிறவர்கள் 'ஃபோர் ஃபிங்கர்' என்று சொல்வதும் கிளாவேதான். இடது கட்டை விரல் நடக்க, வலது கட்டை விரல் பார்க்க, இடது ஆட்காட்டி சுட, வலது ஆட்காட்டி ஸ்கோப் (துப்பாக்கியின் தொலைநோக்கி) திறக்க. அதற்கு ஏற்றபடி சுடும் பொத்தானையும் ஸ்கோப்பையும் திரையின் மேல் மூலைகளுக்கு இழுத்து வைக்க வேண்டும். ஆட்காட்டி விரல் படுக்கைவாட்டில் வரும் என்பதால் பொத்தானின் அளவையும் பெரிதாக்குங்கள்.

போன் இப்போது நடு விரல்களின் மேல் உட்கார்ந்திருக்கும். சுண்டு விரலை அடியில் முட்டுக்கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள், அது சீக்கிரம் வலிக்கும்.

இன்னொன்று. பல ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரலால் கீழே இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி இருக்கிறது. மூன்று விரல் ஒன்றாகத் திரையில் பட்டதும் போன் அதை எதிர்பார்த்துத் தயங்கும். சண்டையின் நடுவே ஒரு தொடுதல் விழுங்கப்படும். 'போன் ஹேங் ஆகுது' என்று திட்டுவதற்கு முன் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். வியர்க்கும் விரலுக்குத் துணி உறை மலிவாகக் கிடைக்கிறது.

16 ஜனவரி

கிளாவின் பழைய வீடு ஜப்பான். சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி-யில் ஒரே ஒரு அனலாக் (ஸ்டிக்), அதுவும் டி-பேடுக்குக் கீழே. 2005-இல் அதற்கு வந்த மான்ஸ்டர் ஹன்டர் என்ற வேட்டை ஆட்டத்தில் நடப்பது அனலாகில், கேமராவைத் திருப்புவது டி-பேடில். ஓடிக்கொண்டே மிருகத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டை விரல் அனலாகில் இருக்க, எல் பொத்தானிலிருந்த ஆட்காட்டி விரல் மடங்கி டி-பேடுக்கு இறங்கியது. ஜப்பானியர் அதற்கு 'மொன்ஹன் மோச்சி' என்று பேர் வைத்தார்கள். மொன்ஹன் ஆட்டப் பெயரின் சுருக்கம், மோச்சி என்றால் பிடி. அதே தொடரின் ஆட்டம் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்-க்கு வந்தபோது, 2011 டிசம்பரில், இரண்டாவது ஸ்டிக்கைத் தரும் தனி இணைப்பையும் நின்டெண்டோ விற்றது.

18 ஜனவரி, சனி

கட்டை விரலை அசைக்காமலேயே பொத்தானை அமுக்குவது எப்படி? பதில் 1989-இன் டெட்ரிஸில் இருக்கிறது: விழும் கட்டிகளை அடுக்கும் ஆட்டம், நின்டெண்டோவின் பழைய என்இஎஸ் கருவிக்கு வந்தது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். திரையில் வினாடிக்கு 60 படம், அதாவது 60 சட்டகம். டி-பேடை அமுக்கிப் பிடித்தால் கட்டி ஒரு கட்டம் நகரும்; பிறகு 16 சட்டகம் காத்திருக்கும்; அதன்பின் 6 சட்டகத்துக்கு ஒரு கட்டம், அதாவது வினாடிக்கு 10. 29-ஆம் நிலையில் கட்டி ஒரு சட்டகத்துக்கு ஒரு வரிசை விழும். 20 வரிசையையும் கடக்க ஏறக்குறைய 20 சட்டகம், வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. நடுவிலிருந்து ஓரத்துக்கு 5 கட்டம் நகர 30 சட்டகம் வேண்டும். காலிப் பலகையிலேயே ஓரத்தைத் தொட முடியாது. 29-தான் முடிவு என்று வெகுகாலம் நம்பியது இதனால்தான்.

முதல் உடைப்பு ஹைப்பர்டேப்பிங். முன்கைத் தசையை விறைத்து, அந்த நடுக்கத்தைக் கட்டை விரலுக்குக் கடத்தி, வினாடிக்குப் பத்துக்கு மேல் தட்டுவது. 2018 உலகப் போட்டியை ஜோசப் சேலி இப்படித்தான் வென்றார். ஆனால் தசை களைத்தால் வேகம் விழும்.

2020 கடைசியில் 'சீஸ்' என்ற பெயரில் ஆடுகிறவர் கொண்டுவந்ததுதான் ரோலிங். ஒரு கையின் கட்டை விரலை டி-பேடின் ஓரத்தில், இன்னும் ஒரு மயிரிழை போனால் அமுங்கும் என்ற நிலையில் சும்மா வைக்க வேண்டும். மற்ற கையின் விரல்கள் கண்ட்ரோலரின் முதுகில், மேசையில் தாளம் போடுவது போல ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ட்ரோலர் எழும்பிப் போய்க் கட்டை விரலில் முட்டும். விரல் பொத்தானுக்குப் போகவில்லை, பொத்தான் விரலுக்கு வருகிறது! நான்கு விரல் உருண்டால் நான்கு அமுக்கு. வினாடிக்கு 20 வந்துவிட்டால் 5 கட்டத்துக்கு 15 சட்டகம் போதும்.

தவறுவது இரண்டு இடத்தில். கட்டை விரல் கொஞ்சம் அழுத்தினாலும் பொத்தான் திரும்ப எழாது. நான்கு தட்டும் ஒரே அமுக்காகிவிடும். விரல்கள் சமமான பலத்தில் விழாவிட்டால் சுண்டு விரலின் தட்டு காணாமல் போகும். முதுகு வழுக்க வேண்டும் என்று கையுறை போடுகிறவர்களும் உண்டு. கண்ட்ரோலரை மடியில் கிடத்திக்கொண்டால் அது தேவையில்லாமல் ஆடுவது குறையும்.

2023 டிசம்பர் 21 அன்று ஓக்லஹோமாவின் 13 வயதுச் சிறுவன் 'புளூ ஸ்கூட்டி' ரோலிங்கில் ஆடி 157-ஆம் நிலைக்குப் போனான். அங்கே ஆட்டமே உறைந்து நின்றது.

20 ஜனவரி

வலி. கட்டை விரலின் அடியில், மணிக்கட்டின் பக்கத்தில் குத்தினால் ஒரு சோதனை: கட்டை விரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். சுரீர் என்றால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். சில நாள் ஓய்வில் தணியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், கட்டு போட்டுக்கொண்டு ஆடுவது வேலைக்காகாது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் கையைவிட முழங்கையைச் சந்தேகியுங்கள்; படுத்தபடி மார்போடு மடக்கி ஆடுகிறவர்களுக்கு அங்கே நரம்பு இழுபடும். முழங்கையை விரித்து, முன்கையைத் தொடையிலோ தலையணையிலோ இறக்கி வையுங்கள்.

விரல் மட்டும்தான் பாதிக்கும் என்பதும் இல்லை. நின்டெண்டோ 64-இன் மரியோ பார்ட்டியில் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்றும் போட்டிகளில் பிள்ளைகள் கட்டை விரலை விட்டுவிட்டு உள்ளங்கையை வைத்துச் சுற்றினார்கள். தோல் உரிந்தது. 2000-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரலோடு செய்த உடன்பாட்டில் நின்டெண்டோ கையுறை தர ஒத்துக்கொண்டது.

21 ஜனவரி

விட்டுப்போன ஒன்று: ஸ்டிக்கின் மேல் கட்டை விரலின் எந்த இடம்? சதையைத் தட்டையாக வைத்தால் பிடிப்பு உறுதி, ஆனால் ஸ்டிக்கைக் கீழே இழுக்கும் தூரம் குறையும். சுடும்போது மேலே எகிறும் துப்பாக்கியை அடக்கக் கீழேதான் இழுக்க வேண்டும். நுனிக்குச் சற்று உள்ளே, விரல் லேசாக வளைந்து நிற்கும் இடம் சரி. ரப்பரின் ஓரம் தேய்ந்து பளபளத்தால் விரல் வழுக்கி, கை தானாக அழுத்தத் தொடங்கும். உடனே மேலுறையை மாற்றுங்கள்.