அரை நூல்: ஸ்பீக்கர் பெட்டி நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் ஜோடி ஒரு வருடமாக அலமாரியில் தூங்குகிறது. இன்று ஒருவழியாகப் பிளைவுட் வந்துவிட்டது. 8-க்கு 4 அடி ஷீட் மாடிப்படி ஏறாது என்பதால் கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னேன். பில்லில் 18 எம்எம். வெர்னியர் அளவுகோலில் 17.3. இது எதிர்பார்த்ததுதான்.

அதனால் வரைபடத்தையே தடிமனை அதிகம் நம்பாதபடி மாற்றினேன். மூடிய பெட்டி, உள்ளளவு 180 × 300 × 220 எம்எம். கிட்டத்தட்ட 12 லிட்டர். மேல், கீழ்ப் பலகைகள் இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே உட்காரும். முன்னும் பின்னும் வரும் பலகைகள் வெளியிலிருந்து மூடும். அப்படிச் செய்தால் பக்கம் (பில்லில் உள்ள 18 கணக்கில் 336 × 220), மேல்-கீழ் (180 × 220) எல்லாவற்றுக்கும் 220 பொது. ஒரே பட்டையாக அறுத்துவிட்டுத் துண்டு போட்டால் போதும். முன்-பின் பலகைகளைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டு, ஒட்டியபின் டிரிம்மரால் (ஓரம் சீவும் கை மெஷின்) தட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு பலகையும் வெட்டவில்லை. நாள் முழுக்கச் சோதனை.

முதலில் மூலைமட்டம், அதாவது செங்கோணம் பார்க்கும் கருவி. பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, அப்படியே திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். என் பழைய மட்டத்தில் கோடுகள் மேலே போகப் போக விரிந்தன. தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் புதிது வாங்கியாயிற்று.

அடுத்து கடையில் அறுத்த ஓரம். அலுமினியக் குழாயை ஒட்டிவைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு நூல் இடைவெளி. (தச்சு வேலை தெரியாதவர்களுக்கு: இஞ்சில் எட்டில் ஒரு பங்கு நூல், ஏறக்குறைய 3 எம்எம்.) அந்த ஓரத்திலிருந்து அளந்திருந்தால் எல்லாப் பலகையும் வாழைப்பழம்தான்.

மாலையில், மெஷின் நேராக ஓட ஒரு வழிகாட்டிப் பலகை செய்தேன். ஒரு 6 எம்எம் பிளைவுட் பட்டையின் மேல் அந்த அலுமினியக் குழாயைத் திருகி, அதை ஒட்டியே சர்க்குலர் சாவை (வட்ட பிளேடு வைத்த கை ரம்ப மெஷின்) ஒருமுறை ஓட்டியதும் பட்டையில் அதிகமாக இருந்த பகுதி அறுந்து விழுந்தது. இனி அந்தப் பட்டையின் ஓரம்தான் பிளேடு போகும் இடம். அதைக் கோட்டில் வைத்து கிளாம்ப் போட்டால் போதும், பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டியதில்லை.

ஜூன் 14, சனி

பட்டைகள் அறுத்த நாள். தரையில் தெர்மோகோல் விரித்து, நல்ல முகம் கீழே இருக்கும்படி பலகையைக் கவிழ்த்துப் போட்டேன். இந்த மெஷினில் பல் கீழிருந்து மேலே வருவதால் சிலாம்பு மேல்முகத்தில்தான் கிளம்பும். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப்பும் உண்டு. 40 பல் பிளேடு மெதுவாகத்தான் போகிறது, ஆனால் ஓரம் வெண்ணெய்.

இரண்டாவது பட்டையில் பாதி போனபோது கரண்ட் போய்விட்டது. இன்று எங்கள் ஏரியாவில் மின்தடை என்று காலைப் பேப்பரிலேயே போட்டிருந்ததாம். முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின் பலகைக்குள் கடித்தபடி நின்றிருந்தது, கரண்ட் திரும்பும்போது அது தானாக ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. ஐந்து மணிக்கு மேல் மீதி.

ஜூன் 15, ஞாயிறு

சொதப்பல். பட்டையின்மேல் 336, 672, 1008, 1344 என்று நான்கு கோட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் பிளேடு வைத்து வரிசையாக வெட்டினேன். முதல் துண்டு 336. மற்ற மூன்றும் 334. பிளேடு தின்ற 2 எம்எம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று தெரியாதா என்றால், தெரியும். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

வெறுத்துப்போய் மெஷினை மூடிவைத்தேன்.

ஜூன் 21, சனி

பக்கத்துத் தெருவில் தச்சு வேலை செய்யும் அண்ணன் எட்டிப் பார்த்தார். நான் அளவு டேப்பும் கையுமாக 336-க்கும் 334-க்கும் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் டேப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நான்கு பலகையையும் சேர்த்து நிறுத்தி, மேலே விரலை ஓட்டினார்.

"தம்பி, இது ஒண்ணுதான அரை நூலு எந்திரிச்சு நிக்குது? இதையும் சீவி விட்டுருங்க. நாலும் ஒண்ணாயிருச்சுன்னா பெட்டி மட்டமா நிக்கப்போகுது. அளவை எவன் வந்து பாக்கப்போறான்?"

சின்ன 334 ஒன்றை அளவாக வைத்து ஒரு தடைக்கட்டையை கிளாம்ப் செய்தேன். பெரியதைக் கட்டையில் முட்டவைத்து ஒரே வெட்டு. 180 துண்டுகள் நான்கையும் அதே மாதிரி கட்டையில் முட்டவைத்தே வெட்டினேன். முதல் துண்டுக்கு மட்டும்தான் டேப். அவர் போலவே சேர்த்து நிறுத்தி விரலை ஓட்டினேன். எங்கும் தட்டவில்லை.

அவர் போனபின் கணக்குப் போட்டுச் சிரித்துவிட்டேன். பலகை மெலிசாக இருப்பதால் 336-இல் வெட்டியிருந்தால் உள் உயரம் 301.4 ஆகியிருக்கும். 334-இல் 299.4. என் தப்பால் 300-க்கு இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறேன்! பெட்டிக்கு 11.86 லிட்டர், திட்டமிட்டது 11.88. இந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் கேட்காது. ஆனால் மூலையில் காற்று கசிந்தால் கேட்கும்.

ஜூன் 22, ஞாயிறு

பசை போடாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு பெட்டியையும் கூட்டிப் பார்த்தேன். மூலைவிட்டங்கள் முதல் பெட்டியில் சமம், இரண்டாவதில் அரை எம்எம் வித்தியாசம். இரவு விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச் ஒன்றை உள்ளே வைத்துக் கடைசிப் பலகையை மூடினேன். முதல் பெட்டி கும்மிருட்டு. இரண்டாவதில் கீழ் மூலையில் மயிரிழை போல வெளிச்சம்.

பலகையைக் கழற்றி அந்த ஓரத்தை விரலால் தடவினேன். ஒரு சிலாம்பு ஒட்டிக்கொண்டு நின்றது. உப்புத்தாளால் நாலு இழுப்பு, மறுபடி டார்ச். இருட்டு.

கிளாம்ப் நாலுதான் இருக்கிறது. நாளை சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்க வேண்டும், சுற்றி இறுக்கிக் கட்ட அது போதும்.