சக்கரத்தில் 112, தாளில் 140

டைனோவில், அதாவது சக்கரத்தை ரோலர் மேல் ஓடவிட்டு பவரை அளக்கும் மெஷினில், ஏற்றி இறக்கிய எந்த வண்டியின் தாளிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, சக்கரத்தில் ரோலர் அளந்தது. இன்னொன்று, இன்ஜினில் இவ்வளவு இருக்கும் என்று கம்ப்யூட்டர் கூட்டிப் போட்டது. ஸ்டேட்டஸில் ஏறுவது எப்போதும் இரண்டாவதுதான்.

கோவையில் தெரிந்த பையன் ஒருவன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறான். 1.2 லிட்டர் டர்போ, கம்பெனிக் கணக்கில் 105 பிஎஸ் (குதிரைத்திறன்). ரீமேப் (பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்துவிட்டுத் தாளை அனுப்பினான். வீலில் 112, இன்ஜினில் 140. "35 ஏறிருச்சுங்ணா!" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு.

112 எப்படி 140 ஆகிறது? டைனோ சாஃப்ட்வேரில் டிரைவ்டிரெய்ன் லாஸ், அதாவது இன்ஜினிலிருந்து சக்கரம் வருவதற்குள் தொலையும் பவர், என்று ஒரு கட்டம் இருக்கும். டைனோவை ஓட்டுகிறவர் அதில் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறார். 112-ஐ 0.8-ஆல் வகுத்தால் 140. அதே இடத்தில் 15 போட்டிருந்தால் 132 வந்திருக்கும், 12 போட்டிருந்தால் 127. வண்டி ஒன்று, ஓட்டம் ஒன்று, இன்ஜின் மட்டும் மூன்று!

ஏன் 20? "ஆட்டோமேட்டிக் வண்டி, அதனால 20" என்று கடையில் சொன்னார்களாம். டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய ஆட்டோமேட்டிக்குக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கே ஆயில்தான் இன்ஜின் விசையைக் கடத்துகிறது, வழுக்கல் உண்டு. போலோவில் இருப்பதோ ஏழு கியர் டிஎஸ்ஜி, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஆயிலில் மூழ்காத ட்ரை கிளட்ச் இரண்டு, டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. கிளட்ச் பிடித்துவிட்டால் மேனுவல் கியர்பாக்ஸைப் போலத்தான் ஓடும். பெயரில் 'ஆட்டோ' என்று இருந்தால் கணக்கிலும் ஆட்டோவா?

சரி, சதவீதத்தை விடுங்கள். 140-ல் 112 போனால் மீதி 28 பிஎஸ், அதாவது 20 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். தொலைந்த சக்தி எங்கும் ஓடிவிடாது, சூடாகத்தான் மாறும். வீட்டு பாத்ரூம் கீசர் 2 கிலோவாட். பத்து கீசரை ஒன்றாகப் போட்ட சூடு, இரண்டு லிட்டர்கூட ஆயில் பிடிக்காத அந்தக் கியர்பெட்டிக்குள் இறங்குகிறது என்றால் நம்ப முடிகிறதா? பற்சக்கரம் ஒன்றோடொன்று சேருமிடத்தில் ஒன்று, இரண்டு சதவீதம் போகும். பேரிங், சீல், ஆயிலைக் கடையும் வேலை என்று இன்னும் கொஞ்சம். போலோ மாதிரி முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் இன்ஜின் குறுக்கே கிடப்பதால் விசையைத் தொண்ணூறு டிகிரி திருப்ப வேண்டியதில்லை. பின்சக்கரம் தள்ளும் வண்டியில் விசையைத் திருப்ப டிஃபரென்ஷியலில் இருக்கும் ஹைப்பாய்ட் கியர் உரசிக்கொண்டே சுற்றும், அங்கே லாஸ் கூடுதல். போலோவில் அதுவும் இல்லை.

ரோலரில் தொலைவதில் பெரும்பங்கு டயரில். இரண்டு சின்ன உருளைகளுக்கு நடுவே டயர் நசுங்கி நசுங்கி ஓடுகிறது. ஓட்டம் முடிந்ததும் டயரைத் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். காற்று நாலு பிஎஸ்ஐ குறைந்திருந்தாலோ, வண்டியை ரோலரோடு கட்டும் பெல்ட்டை இன்னொரு இழுப்பு இழுத்துக் கட்டினாலோ வீல் எண்ணே இறங்கிவிடும். இதில் இன்ஜினுக்கு என்ன சம்பந்தம்?

இன்னொன்று, லாஸ் எல்லாமே பவரோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆயில் கடைவதும் பேரிங் உரசலும் வேகத்தைப் பொறுத்தவை. 105-ஐ 130 ஆக்கினாலும் அதே ஆர்பிஎம்மில் அவை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பற்களின் அழுத்தத்தில் போவது மட்டும்தான் கூடும். நல்லவேளையாக அந்தப் பையனிடம் ரீமேப்புக்கு முந்தைய தாளும் இருந்தது, அதே ரோலரில் எடுத்தது. வீலில் 90. கம்பெனி சொன்ன 105 உண்மை என்று வைத்துக்கொண்டால் லாஸ் 15. ரீமேப்புக்குப் பிறகு அது 17, 18 ஆகியிருக்கலாம். 112-உடன் கூட்டினால் 130-ஐ ஒட்டி வரும். 140 அல்ல. அதைவிட முக்கியம், 90 எங்கே, 112 எங்கே! 22 பிஎஸ் ஏற்றம், ஒரு கற்பனையும் கலக்காமல். ஸ்டேட்டஸில் வைக்க வேண்டியது இதைத்தான். பையனுக்கு இது ரசிக்கவில்லை.

தட்பவெப்பத் திருத்தம் என்று தாளில் இன்னொரு வரி இருக்கும். அதையும் பாருங்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். காற்றழுத்தம் குறைவு என்று நாலைந்து சதவீதம் கூட்டிக் கொடுப்பார்கள். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது நியாயம். டர்போவோ குறைந்த காற்றைத் தானே பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது, அதன் மேல் திருத்தமும் போட்டால் இரட்டை வரவு.

ரோலரே வேண்டாம் என்றால், வேகத்தையும் நேரத்தையும் அளக்கும் ஜிபிஎஸ் பெட்டி போதும். செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் டிராக் டே நடக்கும்போது அந்தப் போலோவையே ஓட்டிப் பார்த்தோம். கார், ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ. மூன்றாவது கியரில் 80-லிருந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட 2.4 விநாடி. இயக்க ஆற்றல் 167 கிலோஜூல் கூடியிருக்கிறது. விநாடியால் வகுத்தால் 69 கிலோவாட். அந்த வேகத்தில் எதிர்காற்றுக்கு 6, டயர் உருளலுக்கு மூன்றரை. மொத்தம் 79 கிலோவாட், அதாவது 107 பிஎஸ். இது அந்த 20 கிலோமீட்டர் வேக ஏற்றத்தின் சராசரி. உச்சம் 112 என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அந்த வேகத்தில் அது மட்டும் 4 பிஎஸ் தின்றுவிடும்.