முழங்கால் தண்ணீர்

பெப்ரவரி 9, ஞாயிறு

நீச்சல் தடாகத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகோடு ஆறு முறை கவிழ்ந்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். படகின் வாயை மூடும் ரப்பர் பாவாடையின் முன்வாரை இழுத்தால் வெளியே வந்துவிடலாம். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அந்த வாரைத் தேடுவதுதான் வித்தை. பிறகு மல்லாந்து மிதக்கும் பயிற்சி: கால்விரல்கள் நீருக்கு மேலே, ஓட்டம் போகும் திசையில்.

"கித்துல்கல ஆற்றில் இப்போது முழங்கால் தண்ணீர்தானாமே, இதற்கா இவ்வளவு ஆரவாரம்?" என்றார் அம்மா. எனக்கும் பதில் தெரியவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

கொழும்பில் சோம்பிக் கிடக்கும் அதே களனி கங்கை, அவிசாவளை தாண்டி ஹட்டன் வீதியில், கித்துல்கலவில், கல்லுக்குக் கல் தாவுகிறது. மழை குறைந்த மாதம். பாறைகளின் முதுகு வெளியே தெரிகிறது. மேலேயுள்ள மின்நிலையங்கள் தண்ணீர் விட்டால் மட்டம் ஏறிவிடும். பயிற்சி தரும் அண்ணா கரையோரக் கல் ஒன்றைக் குறித்துவைத்து, அது மூழ்குகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

நீரில் தெரியும் அம்புமுனை கீழ்நோக்கிப் பாய்ந்தால் அது வழி. நம்மைக் குத்த வந்தால் அடியில் பாறை. மூன்றாவது இறக்கத்தில் நான் அம்பை மாற்றிப் படித்தேன். படகு பக்கவாட்டில் பாறையில் மோதியது. பாறையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்பது பாடம். நான் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஓட்டம் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்தது.

"நிற்காதே!" என்ற சத்தம் கேட்டபோது நான் நின்றாகிவிட்டது. முழங்காலுக்குச் சற்று மேலேதான் தண்ணீர், வேறென்ன செய்வேன்? இடது சப்பாத்து இரண்டு கற்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. நெரிசல் பஸ்ஸில் பின்னாலிருந்து நெருக்குவதுபோல ஆறு முதுகைத் தள்ளியது; ஆனால் இந்த பஸ்ஸில் தரிப்பிடம் கிடையாது. முகம் நீருக்குள் போனது. வீசிய கயிற்றைப் பிடித்து நிமிர்ந்து, காலை வந்த வழியே பின்னோக்கி இழுத்தேன். கால் வந்தது. சப்பாத்து அங்கேயே.

பெப்ரவரி 18, செவ்வாய்

கணுக்கால் நாவற்பழ நிறம். அம்மா கேள்வி கேட்காமல் எண்ணெய் தடவினார். அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பின்னேர மழை கொட்டித் தீர்த்தது. சித்தியின் மகன் ஓடி வந்தான்: "அக்கா, வெள்ளவத்தைக் கால்வாய் நன்றாக ஓடுகிறது, கயாக்கை இறக்குவோமா?"

பாலத்துக்கு அழைத்துப் போனேன். முறிந்த கிளை ஒன்று குறுக்கே கிடந்தது. தண்ணீர் அதன் ஊடே போய்விட, போத்தல்களும் பொலித்தீனும் ஒரு தேங்காய்க் கோம்பையும் சிக்கி நின்றன. ஆளும் அப்படித்தான் சிக்குவான் என்றேன். கரைச்சுவரிலிருந்து வளைந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எலிக்காய்ச்சலையும் நினைவூட்டினேன்.

"ஆழமே இல்லையே அக்கா."

சப்பாத்துக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே, புதுச் சப்பாத்து என்ன விலை என்று கேட்டான்.