ஒரு பக்கம் முழுக்க 'சதி'

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படித்த முதல் வருஷம் என் வொக்கேபுலரி நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பதில்தான். கான்ஸ்பைரசி – சதி. இன்ட்ரீக் – சதி. மேக்கினேஷன் – சதி. கனைவ் – சதி செய். மனப்பாடம் பண்ண எவ்வளவு சுலபம் பாருங்கள்.

ஒரு மாதிரித் தேர்வில் அது காலை வாரியது. கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். கடத்தல் நடப்பது தெரிந்தும் அதிகாரி வாய் திறக்கவில்லை என்ற பொருளில் வாக்கியம். கோட்டுக்கு அடுத்த சொல் 'அட்'. விடைகளில் கான்ஸ்பையர்ட், கனைவ்ட் இரண்டும் இருந்தன. இரண்டும் சதிதானே என்று முதலாவதைத் தட்டினேன். இரண்டு மார்க் போனதோடு மைனஸ் 0.50.

அன்று ராத்திரிதான் அகராதியில் வேர்ச்சொல் பகுதியை முதன்முதலாக ஒழுங்காகப் படித்தேன். கனைவ் என்பதன் லத்தீன் மூலத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வது என்று பொருள். கண்டும் காணாமல் விட்டுவிட்டார் என்கிறோமே, அதேதான்! பின்னால் 'அட்' வந்தால் தப்பைப் பார்த்தும் பேசாமல் இருப்பது. 'வித்' வந்தால் இன்னொருவரோடு சேர்ந்துகொள்வது, அதாவது உடந்தை.

கான்ஸ்பையர் என்றால் சேர்ந்து மூச்சு விடுவது. தலையோடு தலை ஒட்டிக் குசுகுசுவென்று பேசும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஆளாக அதைச் செய்ய முடியாது. இந்தியச் சட்டத்திலும் கூட்டுச்சதிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கொலூட் என்றால் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவது; அதில் ஒளிந்திருப்பது 'சேர்ந்து ஆடுதல்'. இன்ட்ரீக்கில் இருப்பது சிக்கல், நூல்கண்டு சிக்குவது போல.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேக்கினேஷன். மஷீனும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கத்தில் கருவி, உபாயம் என்ற பொருளில் இருந்த சொல் லத்தீன் வழியாக வந்து, ஒரு கிளை எந்திரம் ஆனது, இன்னொரு கிளை சூழ்ச்சி ஆனது. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. தமிழில் 'பொறி' என்றால் எந்திரமும்தான், எலிப்பொறியும்தான். அந்தப் பொறியை நினைத்த பிறகு மேக்கினேஷன் எனக்கு மறக்கவே இல்லை. பெரும்பாலும் பன்மையில், மேக்கினேஷன்ஸ் என்றுதான் வரும். அப்புறம், நம் 'சூழ்ச்சி' மட்டும் என்ன? திருக்குறளில் 671-ஆம் குறளில் அது கூடி ஆராய்வதைக் குறிக்கும் நல்ல சொல். பிற்பாடுதான் அதன் பெயர் கெட்டது.

ஒரு எச்சரிக்கை. வேர் தேடுகிறேன் என்று கிடைத்த கதையை எல்லாம் நோட்டில் ஏற்றாதீர்கள். கபால் என்றால் ரகசியமாகத் திட்டம் போடும் சிறு கும்பல். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆலோசகர்களான கிளிஃபர்ட், ஆர்லிங்டன், பக்கிங்ஹாம், ஆஷ்லி, லாடர்டேல் ஆகியோரின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்த சொல் என்று ஒரு கோச்சிங் நோட்ஸில் பார்த்து, நானும் சிவப்பு மையில் எழுதிவைத்திருந்தேன். எழுத்துகள் பொருந்துவது நிஜம். ஆனால் அந்த ஐந்து பேரும் அதிகாரத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் அந்தச் சொல் புழங்கிவந்தது. யூதர்களின் மறைஞான மரபான கபாலாவின் பெயர்தான் பிரெஞ்சு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த எபிரேயச் சொல்லுக்கு 'பெற்றுக்கொண்டது' என்று பொருள். சிவப்பு மைக்கு மேல் கோடு போட்டு, ஓரத்தில் இதை எழுதிக்கொண்டேன்.