கண்ணாடியில் ஒட்டிய முகம்

ஜூன் 9, 2019. யாங்கோன்

மூன்று நாளாக விடாத மழை. கூடத்துச் சுவரில் ஈரம் ஏறிவிட்டது. குடும்பப் படத்தை இறக்கிப் பார்த்தால், சட்டத்தின் பின்பலகையில் வெள்ளைவெள்ளையாகப் பூஞ்சணம்.

படத்தில் ஐந்து பேர். நாற்காலிகளில் தாத்தாவும் பாட்டியும், பின்னால் அப்பாவும் பெரிய அத்தையும், பாட்டி மடியில் சின்ன அத்தை. 1964-ல் எடுத்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பர்மாவின் ராணுவ அரசு, அப்போது ரங்கூன் என்றிருந்த இந்த ஊரின் கடைகளை அரசுடைமை ஆக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் அரிசிக் கடையும் போனது, கையிருப்பும் போனது. பாட்டியும் அத்தைகளும் மெட்ராஸ் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில்தான் எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் காசில்லாத நேரத்தில் இரண்டு பிரதி! போகிறவர்களுக்கு ஒன்று, இருப்பவர்களுக்கு ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் தாத்தா மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஜூன் 10

2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எங்கள் கூரைத் தகடு பறந்தபோது இந்தப் படம் நனைந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் சின்ன அத்தையின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அந்த இடம் மட்டும் எண்ணெய் பட்டதுபோல் பளபளக்கும், கண்ணும் மூக்கும் தெரியாது. இன்று ஓரத்தை மெல்லத் தூக்கினேன். ‘சர்’ என்று ஒரு சத்தம். அப்படியே விட்டுவிட்டேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

ஜூன் 16

வயதான ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "இழுக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும்" என்றார். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளித் துகள்கள்தாம் உருவமாக நிற்கின்றன. ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊதிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். கழுவும்போது, உருவத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ என்ற ரசாயனம் போகும்வரை அலசியிருந்தால் படம் தலைமுறைகளுக்கு நிற்குமாம். எங்கள் படத்தை அலசியவர் மனசாட்சி உள்ளவர். தாத்தாவின் கோட்டு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

என் கல்யாண ஆல்பம் 1986-ஆம் ஆண்டுக் கலர்ப் படங்கள். சாயம் மங்கி எல்லோரும் செங்கல் நிறத்தில் இருக்கிறோம். பேத்தியின் முதல் ஆண்டுப் படங்கள் மகனின் கைபேசியோடு தண்ணீரில் போயின. ஒன்றைக்கூட அச்சிட்டு வைக்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஜூன் 23

திருச்சியிலிருந்து சின்ன அத்தை பேசினார். அவர்களுடைய பிரதி டிரங்குப் பெட்டிக்குள் பாட்டியின் பட்டுப்புடவை மடிப்பில் பத்திரமாக இருக்கிறதாம்! அத்தையின் பேரன் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினான். ஓரம் பழுத்திருக்கிறது, அவ்வளவுதான். குண்டுக் கன்னம், நெற்றியில் பெரிய பொட்டு, கேமராவைப் பார்க்காமல் பாட்டியின் வளையலையே பார்க்கும் கண்கள். பதினோரு ஆண்டுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

எங்கள் பிரதியின் பின்புறம் வெறுமை. அவர்களுடையதில் தாத்தா பென்சிலால் எல்லோருடைய பெயரும் வயதும் எழுதியிருக்கிறார். கடைசி வரி: "கடைக்குட்டி, மூன்று வயது. இப்போதுதான் அப்பா என்கிறாள்." அத்தை அதைத் தொலைபேசியில் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஜூலை 28

மூன்று பிரதி அச்சாகி வந்தன. இங்கே ஒன்று, திருச்சிக்கு ஒன்று, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒன்று. மூன்றின் பின்னாலும் தாத்தா எழுதியதை மென்மையான பென்சிலால் அப்படியே எழுதினேன். இம்முறை படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விட்டாயிற்று. ஆணியும் மழைச்சாரல் அடிக்காத உள்சுவருக்கு மாறிவிட்டது.

ஜூலை 31, ஆடி அமாவாசை

பழைய படத்தை எடுத்து வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. "மாமா கையால் மாட்டியது" என்றார். புதியது அதன் கீழே தொங்குகிறது. உயிரோடு இருப்பவர் உள்ள படம் என்பதால் மாலை போடுவதில்லை. புதுக் கண்ணாடியின் மேல் தாத்தா, பாட்டி, அப்பா, பெரிய அத்தை நால்வர் நெற்றியிலும் அம்மா சந்தனம் வைத்தார். சின்ன அத்தையிடம் வந்ததும் விரலை எடுத்துக்கொண்டு, அந்தக் கன்னத்துக்கு நேரே கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.