டிஆர்எஸ்-80 மாடல் 100: ராம் போடுவதற்கு முன்னால்

1983-இல் ரேடியோ ஷாக் விற்ற கையடக்கக் கம்ப்யூட்டரான மாடல் 100 கையில் கிடைத்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ராமை (நினைவகத்தை) 32கே, அதாவது 32 கிலோபைட் ஆக்குவது எப்படி என்பதுதான். அது சின்ன வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியது, உள்ளே போர்டில் சால்டர் வைத்திருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியை. நான்கு பென்சில் பேட்டரிகளையும் கழற்றினாலும் ஃபைல்கள் அழியாமல் இருப்பது இதனால்தான். ஆனால் வயதானால் கசியும், கசிந்தது போர்டின் செப்புக்கோடுகளை அரித்துவிடும்.

மெஷின் இன்னும் ஓடுகிறதென்றால், திறப்பதற்கு முன் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். அடிப்பக்கத்து மெமரி பவர் சுவிட்சை ஆஃப் செய்த பிறகுதான் உள்ளே கைவைக்க வேண்டும். ஆஃப் செய்தால் எல்லாம் போய்விடும்.

கீழே நான்கு ஸ்க்ரூ. மேல்மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள், ஸ்கிரீனும் கீபோர்டும் அதோடு கேபிளில் தொங்கும். பேட்டரியைச் சுற்றிப் பச்சைநீலமாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். பழைய பேட்டரியைக் கழற்றும்போது, அரித்த இடத்தில் பழைய ஈயம் உருகாமல் அடம்பிடிக்கும். மேலே கொஞ்சம் புது ஈயம் வைத்தால் சேர்ந்து இளகும். அதன் இடத்தில் 3.6 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடலாம். சார்ஜ் ஆகாத லித்தியம் செல்லை நேராக வைக்கக் கூடாது, ஏனென்றால் அந்த இடத்துக்கு சார்ஜ் கரண்ட் வந்துகொண்டே இருக்கும்.

திறந்த கையோடு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிடுங்கள். சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் நாற்றம் அடித்தால் அது கசிந்தது என்று அர்த்தம். கான்ட்ராஸ்ட் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் எழுத்து மங்கலாகவே இருந்தால், ஸ்கிரீனைக் குறை சொல்வதற்கு முன் பவர் பகுதியின் மைனஸ் 5 வோல்ட்டை அளந்து பாருங்கள்.

இனி ராம். 24கே மெஷினில் ஒரு சாக்கெட் காலியாக இருக்கும். 28 கால்தானே என்று 6264 என்ற சாதாரண 8கே ராம் சிப்பை வாங்கிச் செருகினால் வேலை செய்யாது. மாடல் 100-இன் 8கே மாட்யூல் என்பது நான்கு 2கே சிப்புகள் சேர்ந்தது, கால்களின் வரிசையே வேறு. அதற்கென்று செய்த மாட்யூலோ அடாப்டர் போர்டோ வேண்டும். பின்னால் வந்த மாடல் 102-இல் இந்தத் தொல்லை இல்லை, சாதாரண 8கே சிப் நேராக உட்காரும்.

மூடி, மெமரி சுவிட்சை ஆன் செய்து, கன்ட்ரோல் (CTRL), பாஸ் (PAUSE) கீகளை அழுத்திப் பிடித்தபடி பின்பக்க ரீசெட்டைத் தட்டுங்கள். மெனுவின் அடியில் 29638 பைட் காலி என்று வந்தால் 32கே சரியாக ஏறியிருக்கிறது. 21446-இலேயே நின்றால் மாட்யூல் சரியாக உட்காரவில்லை.

பவர் அடாப்டர் வாங்குவதானால் 6 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

ஃபைலைத் திரும்ப ஏற்ற நல்-மோடம் கேபிள் (இரண்டு கணினிகளை சீரியல் போர்ட் வழியே நேராக இணைப்பது) வேண்டும். மெஷினிலேயே இருக்கும் டெல்காம் (TELCOM) என்ற தொடர்பு புரோகிராமில் ஸ்டாட் 88என்1இ (STAT 88N1E) என்று கொடுத்தால் வேகம் 9600 பாட். டெர்ம் (TERM) என்ற டெர்மினல் பகுதிக்குப் போய் எஃப்2 அழுத்தி, பெயர் கொடுத்து, கணினியிலிருந்து அனுப்புங்கள். முடிந்ததும் மறுபடி எஃப்2. கணினிப் பக்கமும் எக்ஸான்-எக்ஸாஃப் (XON/XOFF, ‘கொஞ்சம் நிறுத்து, இனி அனுப்பு’ என்று சொல்லும் முறை) ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் எழுத்துகள் விழுந்துபோகும். லினக்ஸ் ஃபைலென்றால் வரிமுடிவை முதலில் சிஆர்-எல்எஃப் (CR-LF) ஆக மாற்றுங்கள்.